அப்பா படம்

என்னங்க,

போனில் மகளிடம் “சனிக்கிழமை வர்றேன்டா செல்லம்” என்று நீங்கள் பாட்டுக்குச் சொல்லிவிட்டீர்கள். அனுபவிக்கிறவள் நான்.

நான் பாடம் எடுக்கும் பாலர் வகுப்பில் இருப்பது போலவே வீட்டுச் சுவரிலும், குளியல், சாப்பாடு, தூக்கம் என்று அவளுடைய அன்றாட வேலைகளின் படவரிசை மாட்டியிருக்கிறேன். ஒரு வேலை முடிந்ததும் அதன் படத்தைக் கழற்றி ‘முடிந்தது’ பையில் போட வேண்டும். அதற்கு முன்னால் அடுத்த படத்துக்குப் போகக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவதியும் நான்தான்.

உங்கள் மகள் மஞ்சள் சட்டை அப்பாவை வரைந்து, குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒட்டிவிட்டாள். மூன்று சனிக்கிழமை போய்விட்டது. தினமும் குளித்துவிட்டு வந்து, தட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

“சாப்பிடுடி!”

“அப்பா இன்னும் முடியலையே.”

கத்திக் கத்தித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். வகுப்பில் இருபது பேரை மேய்க்கிறேன், இந்த ஒருத்தியிடம் முடியவில்லை.

நேற்று பொறுமை போய், படத்தைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். அவள் அழவில்லை.

“அப்பா முடிஞ்சிட்டாராம்மா?” என்றாள்.

எடுத்து மறுபடியும் ஒட்டிவிட்டேன். வேறென்ன செய்ய? அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நானில்லை.

இப்படிக்கு,
சுவரில் இருக்கிறேனா, பைக்குள் போய்விட்டேனா என்று தெரியாத
உங்கள் மனைவி