பூஜ்யத்துக்குக் கீழே ஒரு காய்

என்னங்க,

சுடர்விழிக்கு இப்போதெல்லாம் கணக்கு என்றால் பயமில்லை. பயந்த மூளையில் கணக்கு ஏறாது என்று சொல்லி பூஜ்யத்துக்கு மேலும் கீழும் எண்கள் போட்டு நீங்கள் அட்டையில் வரைந்துகொடுத்த பகடை விளையாட்டைத்தான் தினமும் ஆடுகிறோம். நீங்கள் கோபித்துக்கொண்டு சிதம்பரம் போன பிறகும் உங்கள் காயை அவள் எடுக்கவில்லை. உங்களுக்கும் சேர்த்து அவளே பகடை உருட்டுகிறாள்.

நேற்று உங்கள் காய் சறுக்குக் கட்டத்தில் மாட்டி, பூஜ்யத்தைத் தாண்டி மைனஸ் மூன்றுக்கு இறங்கிவிட்டது.

"அப்பா அவுட்டாடி?" என்றேன்.

"கீழ போனா அவுட் இல்லம்மா. ஒரு மூணு விழுந்தா பூஜ்யத்துக்கு வந்துடுவாரு. அப்புறம் நம்மகூடதான்."

அவளுக்கு மூன்று விழவே மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு வந்து நீங்களே உருட்டுங்கள்.

என் காயைப் பற்றிச் சொல்லவில்லையே. அது உங்களுக்கும் கீழே, மைனஸ் ஐந்தில் நிற்கிறது.

அங்கிருந்து,
உங்கள் மனைவி