நீலப் பவளத்தில் புழு

ஓசூர்,
11.03.2026, புதன்கிழமை.

அன்பு மகள் பிரவீனாவுக்கு,

நானும் உன் அம்மாவும் இங்கே நலம். நெதர்லாந்துக் குளிரில் படிக்கும் நீயும் உடல் நலம் குன்றாமல் இருக்க வேண்டுகிறோம். உத்தனப்பள்ளியில் தக்காளி நன்றாக வந்திருப்பதாக உன் சித்தப்பா நேற்றுச் சொன்னார். இக்கடிதம் நீ உயிருள்ள பவளங்களை வளர்த்து, என் பொறுப்பில் விட்டுச் சென்ற கடல்நீர்த் தொட்டியைப் பற்றியது. கைபேசியில் சொன்னால் உன் அம்மா இடையில் புகுந்து எனக்காகப் பேசிவிடுவாள் என்பதால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

ஜனவரி 18, ஞாயிறன்று, நீ பெங்களூர்க் கடையில் சொல்லி வைத்திருந்த ஆறு பவளத் துண்டுகள் வந்தன. மருந்து நீரில் முக்காமல் எதையும் தொட்டிக்குள் விடக் கூடாது என்று நீ எழுதி ஒட்டிய தாள் என் கண்ணெதிரேதான் இருந்தது. ஆனால் தொழிற்சாலையில் முப்பத்தோராண்டுகள் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில், சிலவற்றைப் பார்த்து மொத்த லாட்டையும் தேற்றியே ஊறிய புத்தி. இரண்டை எடுத்துப் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், குறையில்லை. ஆறும் தேறியதாகக் கொண்டு அப்படியே உள்ளே விட்டேன். பிப்ரவரி 17 அன்று, நகமளவிலிருந்து ஐந்தாண்டுகள் நீ வளர்த்த நீலப் பவளத்தில் கடித்தெடுத்தது போல வெள்ளை வட்டங்கள். பாகலூரிலிருந்து உன் நண்பன் மாதேஷ் வந்து ஊசியில்லாத சிரிஞ்சால் நீரைப் பீய்ச்சியதும், சளியைத் தட்டையாக்கியது போன்ற புழுக்கள், பவளத்தின் தோலே உரிவது போல, கழன்று சுருண்டன. நடந்ததைக் கேட்ட மாதேஷ் சிரிக்கவில்லை. "சார், இது நட்டு போல்ட்டு இல்ல, ரெண்ட பாத்துட்டு லாட்ட பாஸ் பண்றதுக்கு" என்றான்.

பிப்ரவரி 22, மார்ச் 1, மார்ச் 8 ஆகிய மூன்று ஞாயிறும் பவளங்களை வெளியே எடுத்து மருந்து நீரில் முக்கினோம். வாளியின் அடியில் முதல் வாரம் 31 புழுக்கள், அடுத்த வாரம் 12, மூன்றாம் வாரம் மறுபடி 26. மருந்து புழுவைக் கொல்கிறது, முட்டையைத் தொடுவதில்லை. பழுப்பு நிற முட்டைகளைப் பிளேடால் சுரண்டும்போது என் விரலில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. சோப்பு போட்டும் அந்த வழவழப்பு போவதில்லை. சோற்றில் கை வைக்கவே கூசுகிறது. உன் அம்மாவோ, அந்தக் கையோடு கரண்டியைத் தொட்டால் இனி தினமும் நானே சமைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

புதிய துண்டுகள் ஆறையும் எறிந்துவிட்டேன். நீலப் பவளத்தில்தான் சிக்கல். அதன் அடிக்கிளைகளுக்கிடையே பிளேடு நுழையாத சந்தில் முட்டைகள் நிறைந்திருக்கின்றன. நுனிக்கிளைகளை மட்டும் மறுபடி வளர்க்க வெட்டி எடுத்துக்கொண்டு அடிப்பாகத்தை எறிய வேண்டும் என்கிறான் மாதேஷ். அவன் சொல்வதே சரியென்று எனக்கும் படுகிறது. தாமதித்தால் மற்றப் பவளங்களும் போய்விடும். பரீட்சை முடியும்வரை உன்னிடம் சொல்லாமல் வெட்டிவிடலாம் என்றாள் உன் அம்மா. நான் மறுத்துவிட்டேன். உன் சொல்லை ஒருமுறை மீறியவன், இன்னொரு முறை மீற மாட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு, இந்திய நேரம் மாலை நான்கு மணிக்கு, உனக்குக் காலை பதினொன்றரைக்கு, வீடியோவில் வா. நான் கைபேசியைப் பிடித்துக்கொள்கிறேன், மாதேஷ்தான் வெட்டுவான். எந்தக் கிளை இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதை நீயே காட்டு. நீ என்னைத் திட்டுவதானால் அதையும் அப்போதே திட்டிவிடு, கேட்டுக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, பரீட்சையை நிதானமாக எழுது. உனக்கு எங்கள் இருவரின் மனமார்ந்த ஆசிகள். நான்கு மணி என்பதை மறவாதே.

இப்படிக்கு,
உன் தந்தை
நாராயணப்பன்