என் பெயர் விழும் கட்டம்

இன்று காலையும் கறுப்புத் திரையில் உன் கட்டளையைத் தட்டினேன். ஒரே வரி. பிளேன்டீ ஆறுவதற்குள் சோதனைக் குறிப்புகள் எல்லாம் அட்டவணையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்துவிட்டன. நீ இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

ஹட்டன் கடைத்தெரு மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில், தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் மென்பொருளைச் சோதிப்பது நம் இருவருக்கும் வேலை. எதைத் தட்டினால் என்ன வரவேண்டும் என்ற குறிப்புகளை ஒவ்வொன்றாக அட்டவணையில் ஏற்றுவது நான். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு. என் மூன்று நாள் வேலையை, நீ ஒரு நிரல் எழுதி ஒரு நிமிடத்தில் முடித்தாய்.

"கை வலிக்குதுன்னு சொன்னியேடி, ஒனக்காகத்தான் செஞ்சேன்."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கொழும்பு அலுவலகத்துக்கு நம்மில் ஒருத்தியைத்தான் எடுப்பார்கள் என்றார்கள். நீ நிரலைச் செய்துகாட்டுவதற்கு முதல் நாள் உன் அட்டவணையைப் பார்த்தேன். கூலிப் பதிவேடான செக்ரோலில் உள்ள இலக்கம் 017, வெறும் 17 ஆகியிருந்தது. நம் தோட்டத்தில் முன்னால் சைபர் இருந்தால் மேல் டிவிசன் ஆள், இல்லாவிட்டால் கீழ் டிவிசன். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த எனக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? சோதனைக்கென்று நாம் கொடுத்ததே நம் அம்மாக்களின் இலக்கங்களைத்தான். என் அம்மா 017, உன் அம்மா 17. பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் எல்லார் முன்னாலும் என் அம்மாவின் கொழுந்தும் உன் அம்மாவின் இலக்கத்தில் போய் நின்றது. "ஒரே ஆளுக்கு எப்படி ரெண்டு நிறை?" என்று கேட்டார் கொழும்பிலிருந்து வந்த அதிகாரி. நீ தலை குனிந்து நின்றாய். எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

கொழும்புக்கு நான்தான் போனேன். பஸ் ஏற்றிவிட வந்தபோது நீயே என்னைத் தேற்றினாய். "நீ பாத்திருந்தா சொல்லியிருப்பியேடி. இனிமே நீ பாக்காம எதையும் அனுப்ப மாட்டேன்." சொன்னதோடு விட்டாயா? சைபரைத் திருத்திவிட்டு, கடைசியில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டத்தையும் சேர்த்து, அதில் என் பெயர் தானாக விழும்படி எழுதிவைத்தாய். முதலில் உன் கெட்டித்தனத்தில்தான் எனக்குப் பொறாமை. இப்போது உன் மனசின் மேல்.

அந்தப் பெயரை எடுக்க ஒரு சொல்லை அழித்தால் போதும். பல தடவை நிரலைத் திறந்திருக்கிறேன்; அழிக்காமலே மூடியிருக்கிறேன். இன்றும் வரிக்கு வரி என் பெயர் விழுந்துகொண்டிருக்கிறது.

பாத்தேன்டி. அன்னைக்கே பாத்தேன்.