கால் எட்டும் சோபா

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் விடிந்ததும் எங்களுக்கு வருகிற முதல் நினைப்பு. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் இருவரும் நலம் என்று போடுவேன், இந்தத் தடவை என்னைப் பற்றி மட்டும் போட்டிருக்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நம் வீட்டில் போனை எந்த மூலைக்கு எடுத்துப்போனாலும் அம்மா காதுக்குத் தப்பாது. அவளுக்கு மூச்சுதான் குறைந்திருக்கிறதே தவிர காது இன்னும் பாம்புக் காதுதான். அதனால் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே அவளை ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறார்கள்.

நீ வாங்கச் சொன்ன சாயும் சோபா வந்துவிட்டது. டிவி பார்க்க வசதியாக இருக்கும் என்று நீ சொன்னாய், அம்மாவும் ஆமாம் ஆமாம் என்று சிரித்தாள். விஷயம் அது இல்லை சிட்டு. ஏழெட்டு மாதமாக அவளால் மட்டமாகப் படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்கிறாள். வீட்டில் இருக்கிற தலையணையை எல்லாம் சுவரோடு அடுக்கிச் சாய்ந்து பார்த்தாள், கண் அசந்ததும் அவை சரிந்துவிடும், அவளும் சரிந்துவிடுவாள், உடனே இருமல் பிடித்துக்கொள்ளும். பிறகு சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துத் தூங்கப் பழகிக்கொண்டாள், வகுப்பில் தூங்குகிற பிள்ளை மாதிரி. காலையில் கன்னத்தில் மேசைவிரிப்பின் பின்னல் அப்படியே பதிந்திருக்கும். போனில் உன்னிடம் அடிக்கடி உம் உம் என்று மட்டும் சொல்கிறாளே, அது கோபம் இல்லை. ஒரு வாக்கியம் முழுசாகச் சொல்ல மூச்சு போதவில்லை.

நுரையீரல் டாக்டர் நல்ல மனிதர், பூசி மெழுகத் தெரியாதவர். நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது, இனிமேல் இறங்குமுகம்தான், மெதுவாக இறங்குகிறதா வேகமாக இறங்குகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது என்றார். காலமெல்லாம் லிஃப்ட் பழுதுபார்த்தவனிடம் போய் அந்த மனிதர் இப்படிச் சொல்கிறார் பார். எனக்குத் தெரிந்த எந்தப் பெட்டியும் கீழே போனால் மறுபடி மேலே வரும். படுக்கையில் மட்டமாகப் படுக்கவிட வேண்டாம், முதுகும் காலும் தனித்தனியாக ஏறி இறங்குகிற நல்ல சாய்வு நாற்காலி ஒன்று வாங்குங்கள் என்று அவர்தான் முதலில் சொன்னார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கைப்பையின் வாரைச் சரிசெய்தாள், வேறு ஒன்றும் இல்லையே என்று கேட்டாள், அவ்வளவுதான். பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான், "சிட்டுகிட்ட மூச்சு விடாதீங்க. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நடக்குது, அலறி அடிச்சுகிட்டு ஓடி வருவா" என்றாள். மூச்சு விடாதீங்க என்று அவள் வாயால் சொன்னது அவளுக்கே சிரிப்பாகி, சிரிப்பு இருமலாகி, வந்த பஸ்ஸை விட்டுவிட்டோம்.

கடைக்கு ஒரு வேலைநாளில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனோம். பெரிய கடை, மாடி முழுக்கச் சோபா. அங்கே விற்பனைக்கு நின்ற அம்மாள் பொறுமைசாலி, என்னைச் சகித்துக்கொண்டாள். நான் ஒவ்வொன்றையும் கவிழ்க்காத குறையாகப் பார்த்தேன். தரையில் மல்லாந்து படுத்து அடியில் எட்டிப்பார்த்தேன், சட்டம் இரும்பா மரமா, பற்றவைத்த இடம் சுத்தமாக இருக்கிறதா, காலைத் தூக்குகிற கம்பி இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஏறுகிறதா என்று. சிலது பார்க்கத்தான் ராஜா நாற்காலி, உள்ளே ஆட்டம் கண்ட ஸ்பிரிங். கைப்பிடியை இழுத்துச் சாய்க்கிற வகையும் இருந்தது, அதை இழுக்க அம்மாவுக்குத் தெம்பு கிடையாது, அதனால் பொத்தானை அழுத்தினால் மோட்டாரில் சாய்கிற வகைதான் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். கரண்ட் போனால் பாதியில் நின்றுவிடுமா என்று கேட்டேன், பேட்டரி இருக்கிறதாம், நிமிர்ந்துவிடலாமாம். "அவர் அப்படித்தான், சாகிற வரைக்கும் லிஃப்டுக்குள்ள ஆளு மாட்டிகிட்டிருக்காங்கன்னே நினைப்பாரு" என்று அம்மா அந்த அம்மாளிடம் என்னைக் கேலி செய்தாள். கேலி செய்துகொண்டே ஒவ்வொரு சோபாவின் முதுகையும் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தாள். துணியைப் பார்க்கிறாள் என்று அந்த அம்மாள் நினைத்து, இது வியர்த்தால் ஒட்டாது, இது கறை பிடிக்காது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அம்மா துணியைப் பார்க்கவில்லை. அடுத்த சோபா வரை நடக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தரையிலிருந்து பார்த்த எனக்கு அவள் செருப்பு நின்று நின்று நகர்வது தெரிந்தது.

எனக்கு ஒன்று பிடித்துவிட்டது. ஆழம் குறைவு, உயரம் குறைவு. அம்மாவை உட்கார வைத்தேன், முதுகு முழுக்கச் சாய்ந்தது, இரண்டு பாதமும் தரையில் படிந்தது. உனக்குத் தெரியும், அவள் உயரத்துக்கு எந்த நாற்காலியிலும் கால் தொங்கும். கால் தொங்கினால் வீக்கம் கூடும், எழுந்திருக்கவும் ஊன்றுகோல் தேட வேண்டும். இதுதான் என்றேன். அவள் எழுந்து, பெரியதாக ஒன்று இருந்ததே அங்கே போய் நின்று, "இதுல உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். சாயுங்க என்றாள், சாய்ந்தேன். காலை நீட்டுங்க என்றாள். தலை எட்டுதா, இடுப்புக்குத் தாங்கல் இருக்கா, குதிகால் வெளியே தொங்கலையே என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தையற்காரர் அளவெடுக்கிற மாதிரி சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதையே போட்டுடுங்க என்று அந்த அம்மாளிடம் சொன்னாள். எனக்கு எரிச்சலாக வந்தது. "மூச்சு வாங்குறது உனக்கா எனக்கா? உனக்கு வாங்க வந்துட்டு என்னை எதுக்கு அளந்துகிட்டிருக்க?" என்று சத்தம் போட்டேன்.

அவள் சத்தம் போடவில்லை. என் பக்கத்தில் கைப்பிடி மேல் உட்கார்ந்து, விட்டு விட்டுச் சொன்னாள். "நான் எத்தனை நாள் உக்காரப்போறேன். அப்புறம் காலம்பூரா இதுல உக்காரப்போறது நீங்கதான. உங்க முதுகுக்குச் சரியா இல்லாட்டி, திட்டிகிட்டே கிடப்பீங்க. கேக்க ஆள் இருக்காது."

விற்பனைக்கு நின்ற அம்மாள் விலைச்சீட்டைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பொத்தான் எது என்று தெரியவில்லை சிட்டு. மல்லாந்த நிலையிலேயே கிடந்தேன், நிமிரத் தெரியவில்லை. கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அம்மாதான் பொத்தானைத் தேடி அழுத்தி என்னை மெதுவாக நிமிர்த்தினாள்.

நான் சின்னதைத்தான் எடுத்தேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், கேட்கவில்லை. சோபாவைக் கொண்டுவந்து போட்ட ஆட்களுக்கு நான் டீ போட்டுக் கொடுத்தேன், அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எதிர் வீட்டு டீச்சர் வந்து, அடடா அழகா இருக்கே என்றதற்கு, "அவர் உக்காந்தா முட்டி மூக்குல இடிக்கும், அவ்வளவு அழகு" என்றாள். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. சரி, புரிய வேண்டாம்.

அன்று மதியம் சாப்பிட்டதும் சும்மா பார்க்கலாம் என்று அதில் சாய்ந்தாள். நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், தூங்கிவிட்டாள். அசைவே இல்லை. ஈரக்கையோடு போய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக மூச்சு வந்தது, இருமல் இல்லாமல், இழுப்பு இல்லாமல். அப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கி நான் பார்த்து எவ்வளவோ நாள் ஆயிற்று. பால்காரர் வந்து மணி அடிப்பதற்குள் ஓடிப்போய்க் கதவைத் திறந்து வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். எழுந்ததும் கால் கீழே படிந்திருப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "போனாப் போகுது, உங்களுக்குத்தான் ஆகாது. சிட்டு வந்தா உக்காருவா. அவளுக்கும் என் குட்டைக் கால்தான" என்றாள். பிறகு நான் அங்கே இருப்பதையே மறந்தவள் போல, சிட்டு வருவா என்று இன்னொரு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் இரவும் பகலும் அவளுக்கு அந்தச் சோபாதான். நான் கட்டிலை இழுத்து ஹாலில் அதற்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். தூக்கம் கொஞ்சம் கிடைக்கிறது, முகம் தெளிந்திருக்கிறது. ஆனால் சோபா மூச்சைத் திருப்பிக் கொடுக்காது. போன மாதம் குளியலறை வரை தனியாக நடந்தாள், இப்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, வழியில் ஒரு இடத்தில் நின்றுதான் போகிறாள். சின்னக்குட்டி பரீட்சை முடிந்து விடுமுறையில் வருகிறோம் என்று நீ சொன்னாய். அதுவரை பொறுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். நீங்கள் ஏன் காத்திருக்க வேண்டும் என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

மாப்பிள்ளையிடம் நிதானமாகச் சொல். பதறாதே, வழியில் சாப்பிடாமல் கொள்ளாமல் வராதே, குழந்தைக்குக் குளிருக்குப் போடுகிறதை எடுத்துக்கொள். வந்ததும் அம்மா முன்னால் அழுதுவிடாதே, அழுகிறதை என்னிடம் வைத்துக்கொள். நான் எழுதித்தான் வந்தாய் என்று சொல்ல வேண்டாம், சொன்னாலும் பரவாயில்லை, திட்டட்டும், திட்டுகிற அளவுக்கு மூச்சு இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். உனக்கும் உன் குடும்பத்துக்கும் எங்கள் இருவருடைய ஆசியும் எப்போதும் உண்டு, நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள். பரிசோதனை முடிந்து அம்மா கதவருகில் வந்து நிற்கிறாள், என்ன எழுதுறீங்க என்று கையாலேயே கேட்கிறாள். மடித்துப் பையில் வைக்கப்போகிறேன். அவள் உன்னை வா என்று சொல்லமாட்டாள். நான் சொல்கிறேன், வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா