மீன்பெட்டிக்குள் ஒரு கோப்பைத் தண்ணீர்

அப்பா,

உங்கள் மீன்பெட்டியை இன்று காலை திறந்தோம். எவ்வளவு கழுவியும் மீன் வாடை போகவில்லை. நீங்கள் இல்லாத முதல் மாரி இது. கரண்ட் நின்றுவிட்டது. தங்கச்சியின் இன்சுலின் குப்பியை இனிப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும்.

போன மாரியிலும் இப்படித்தான். பழுகாமத்து வீதி வெள்ளத்துக்குள் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு குப்பி. நீங்கள் பெட்டி நிறைய ஐஸ் கொட்டி, குப்பியைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தீர்கள். சற்றுப் பிறகு நான் உள்ளே கைவிட்டேன். விரல் விறைத்து வலித்தது. வெறும் ஐஸ் அப்படிக் கடிக்காது.

“அப்பா, உப்புப் போட்டீங்களா?”

“போடாம? மீனுக்கே போடுறன், என்ட புள்ளைக்குப் போடமாட்டனா?”

“உப்புக் கரைஞ்சா தண்ணி பூச்சியத்துக்குக் கீழ போயும் உறையாது அப்பா. அந்தக் குளிருல மருந்து உறைஞ்சிரும். உறைஞ்சா பாவிக்க ஏலா.”

நீங்கள் உடனே குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சரித்தீர்கள். அம்மா தங்கச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டா: “அசையுதா?”

நீங்கள் இன்னொரு முறை சரித்தீர்கள்.

“அசையுது.”

உப்பையெல்லாம் கழுவிக் கொட்டினீர்கள். புது ஐஸில் நல்ல தண்ணீர் ஊற்றினோம். குப்பிக்குப் பக்கத்தில் நான் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்தேன்.

“அது என்னத்துக்கு புள்ள? மருந்துக்குத் தாகமா?”

“மருந்துக்குள்ளயும் சாமான் கரைஞ்சிருக்கு. அதால வெறுந்தண்ணிதான் முதல்ல உறையும். கோப்பையில ஐஸ் ஆடை பிடிச்சா, உடனே குப்பிய வெளிய எடுக்கணும்.”

“மீன் யாவாரிக்கு ஐஸ் படிப்பிக்கிறா,” என்று அம்மாவிடம் சொன்னீர்கள். ஆனால் வீதி திறக்கும்வரை அந்தக் கோப்பையை என்னைவிட அதிகம் எட்டிப் பார்த்தது நீங்கள்தான்.

இன்று ஐஸ் கொட்டியதும் அம்மாவின் கை பழக்கத்தில் உப்பு டின்னுக்குப் போனது. தானே நிறுத்திக்கொண்டா. குப்பியை உங்கள் பழைய சாரத் துண்டில் சுற்றி வைத்தோம். பக்கத்தில் கோப்பை.

வெளியே வெள்ளம் வேலிக்கு வந்துவிட்டது. எழுதுவதை இடையிடையே நிறுத்திவிட்டுப் போய்ப் பெட்டியைத் திறந்து, கோப்பையை மெல்லச் சரிக்கிறேன். நீங்கள் சரித்தது போல. அம்மா கதவடியில் நின்று பார்க்கிறா. கேட்பதில்லை.

“அசையுது,” என்று நானே சொல்லிவிடுகிறேன்.