லிஃப்ட் வைத்த பஸ்ஸில் ஏறாதவள்

ஸ்ரீபெரும்புதூர்

சிரஞ்சீவி வெங்கட்ரமணனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கையும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்க இந்தத் தடவை மனசு வரவில்லை, பெற்றுத் தொலைத்தேனே என்று கேட்கிறேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசி வரை படி.

ஒரகடம் கம்பெனியில் ஸுப்ரஜா கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது என் தங்கை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாய். அந்தக் கம்பெனி பஸ்ஸின் படி எவ்வளவு உயரம் என்று ஒரு நாளாவது கேட்டாயா? வீல்சேரை ஒருவர் மடக்க, அவளை இரண்டு ஆண்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஏற்றுவார்கள், இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் டிரைவர், "இன்னாம்மா, டெய்லி உன்ன மூட்ட மாதிரி தூக்கினு இருந்தா நான் எப்போ வண்டி எடுக்கறது, வூட்லயே இருக்கக் கூடாதா" என்று எல்லார் எதிரிலும் கேட்டான். அன்றிலிருந்து லிஃப்ட் வைத்த பஸ் வேண்டும் என்று ஆபீஸில் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள், பார்க்கலாம் பார்க்கலாம் என்றே இழுத்தடித்தார்கள். போன மாதம் ஒரு காலையில் வீல்சேரைக் கொண்டுபோய் பஸ்ஸுக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். அப்போது பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெயர் செல்வலட்சுமி, கோவில்பட்டிப் பக்கம், பாகங்களைப் பூட்டுகிற லைனில் வேலை, வடக்குப்பட்டில் கம்பெனி ஹாஸ்டலில் இருந்தவள். "அண்ணாச்சி, இந்த அக்கா ஏறாம வண்டி நவுராது, பாத்துக்கிடுங்க" என்றாள். அவளைப் பார்த்து ஒவ்வொருவராக இறங்க, பஸ்ஸே காலியாகிவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸிலும் அப்படியே, அந்த ஷிஃப்டே ஓடவில்லை என்றார்கள்.

அப்புறம் மேனேஜர் வந்தார். என்ன சொன்னார் தெரியுமா? "உங்க அண்ணனே எனக்குப் போன் பண்ணிட்டார்மா, வீட்ல யாருக்கும் இதுல சம்மதம் இல்லையாம், மரியாதையா எழுந்து போங்க." எழுந்து போகச் சொன்னார், அவளை. அப்பாவையும் என்னையும் கேட்காமல் எங்கள் சம்மதத்தைப் பற்றிப் பேச நீ யார்? அதே கம்பெனியின் ஜெர்மனி தலைமை ஆபீஸில் வேலை பார்க்கிற உனக்குப் பிரமோஷன் வரவேண்டும், அதற்கு இவள் தடை, அதுதானே? ஸுப்ரஜா அழவில்லை. "நான் எங்க அண்ணன் பஸ்ல ஏறணும்னு கேக்கல சார், கம்பெனி பஸ்லதான் கேக்கறேன்" என்றாள். அங்கே ஜெர்மனியில் வீல்சேர்க்காரர்கள் தாங்களாகவே பஸ்ஸில் ஏறுவதை வீடியோ எடுத்து, பார் அம்மா எப்பேர்ப்பட்ட நாடு என்று அனுப்பினவன் நீ. வெட்கமாக இல்லையா உனக்கு?

கடைசியில் மாற்றுத்திறனாளிகள் நல அதிகாரி நேரில் வந்து சட்டத்தை எடுத்துச் சொன்னபிறகு வழிக்கு வந்தார்கள். லிஃப்ட் வைத்த பஸ் இந்த வாரம் முதல் நம் தெருமுனைக்கு வருகிறது. ஸுப்ரஜா ஏறுவதில்லை. ஏனென்றால் செல்வலட்சுமி கான்ட்ராக்ட் ஆள், அவளை அடுத்த நாளே கேட்டில் நிறுத்தி இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், ஹாஸ்டலும் போயிற்று. அவளைத் திரும்ப எடுக்கும் வரை நானும் ஏற மாட்டேன் என்கிறாள் உன் தங்கை. இத்தனை பாடுபட்டு வந்த பஸ்ஸடி என்று நானே சண்டை போட்டேன். "எனக்காக ரோட்ல உக்காந்தவளை விட்டுட்டு நான் எப்படிம்மா போறது" என்றாள். லைனில் இருப்பவர்கள் அவளைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், என்ன ஆகுமோ தெரியாது. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, அவர் உன்னைப் பற்றிப் பேசுவதேயில்லை.

கேட்காமலே அந்த மேனேஜருக்குப் போன் செய்தவன் நீ, இப்போது நான் கேட்கிறேன், செல்வலட்சுமிக்காகச் செய். அதற்கு முன்னால் உன் தங்கையிடம் பேசு, என் மூலமாக வேண்டாம், நேராக.

பெருமாள் உனக்கு நல்ல ஆயுசையும் அதைவிட நல்ல புத்தியையும் கொடுக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். மறக்காதே, தை மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறாய். செல்வலட்சுமி இப்போது உன் அறையில்தான் இருக்கிறாள். நீ வந்தால் ஹாலில் படுத்துக்கொள்.

இப்படிக்கு
உன் அம்மா, ஸுப்ரஜாவுக்கும் அம்மா,
விஜயலக்ஷ்மி