யாருக்கும் புரியாது என்று எழுதியவனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணியும் நலமா? அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறிவிடுகிறார்; இறங்கும்போதுதான் எல்லோரையும் திட்டுகிறார்.

போனில் பேசினால் அழுதுவிடுவேன், இல்லையென்றால் கத்திவிடுவேன். அதனால்தான் ஈமெயிலில் இந்தக் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. எளிதில் கிடைக்காத ரத்த வகை. ரத்த வங்கியில் லேப் அக்கா புதிய புரோகிராமைத் திறந்தால், இணையம் இல்லாமல் அது சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் குளிர்பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பையாக எடுத்துப் படித்தார். பதினொரு நிமிடம். நாம் இருவரும் சேர்ந்து எழுதிய பழைய புரோகிராமில், இணையம் இல்லாமலே, இரண்டு எழுத்து தட்டினால் வந்திருக்கும்.

அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவள் என்று அவள் கணவர் எனக்கும் நன்றி சொன்னார். கூசிப் போனேன்.

மறுநாள் நிர்வாக அதிகாரியிடம் சண்டைக்குப் போனேன். “நல்லா ஓடிட்டிருந்ததை ஏன் சார் தூக்குனீங்க?” என்றேன். “என்கிட்ட ஏம்மா கோவப்படுற? உங்க அண்ணனே எழுதிக் குடுத்திருக்காரே” என்று ஓர் அறிக்கையை நகர்த்தினார். புதிய புரோகிராமை விற்ற உன் கம்பெனியின் அறிக்கை. பழைய புரோகிராம் ஆபத்தானது, எழுதியவர்களைத் தவிர யாருக்கும் புரியாது என்று இருந்தது. கீழே உன் கையெழுத்து.

மொத்தமே அறுநூறு வரி, அண்ணா. எதையாவது சேர்க்கலாமா என்று நான் கேட்கும்போதெல்லாம், “அது இல்லேன்னா யாராவது செத்துடுவாங்களா?” என்று என் வாயை அடைத்தவன் நீ. எந்தக் கருவியை எடுத்தாலும், கெட்டுப்போனால் நாமே பிரித்துப் பார்க்க முடியுமா என்றுதான் முதலில் கேட்பாய். லேப் அக்கா ஒரே மதியத்தில் முழுவதையும் படித்து, காலாவதி தேதியில் நாம் விட்ட தப்பைக்கூடப் பிடித்தார். எழுந்து நின்று கைதட்டினாய். அப்புறம் இப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

நீ பெரிய கம்பெனிக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அறிக்கையின் தேதியைப் பார்த்தேன். நீ வீட்டுக்கு வந்து நான்கு நாள் தங்கியிருந்த வாரம் அது. மாடி அறைக்கு டீ கொண்டுவந்தபோது லேப்டாப்பைச் சட்டென்று மூடினாய். அண்ணியோடு ஏதோ ரகசியம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தேன்.

லேப் அக்காவும் நானும் நம் புரோகிராம் இருந்த பழைய கம்ப்யூட்டரைக் கிடங்கிலிருந்து தூக்கிவந்து, யாரையும் கேட்காமல் ரத்த வங்கியில் ஓடவிட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை எங்கள் இருவருக்கும் விசாரணை. எங்களுக்கு எதிராகப் படிக்கப்போவது உன் அறிக்கையைத்தான். அதற்குள் உண்மையை எழுதி அனுப்பு. எனக்காக வேண்டாம், அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம், “என் பிள்ளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சது” என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன்னால் எழுத முடியாதென்றால் அவருக்கு நீயே போன் செய்து சொல்லிவிடு. என் வாயால் சொல்லவைக்காதே.

அங்கே குளிர் கடுமை என்கிறார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நன்றாக இருக்க வேண்டும்.

இன்னமும் உன் தங்கை